சாரல் விழாவுக்குச் சாரல் தெரியுமா?

சாரல் விழா பற்றி எழுதணும் என்று இரண்டு மூன்று சீசனாகக் குறிப்பு நோட்டில் ஒரு வரி கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும், அரசு விழாவை விமர்சனம் பண்ணி என்ன ஆகப்போகுது என்று விட்டுவிடுவேன். ஒரு சினிமாவை, நாவலை விமர்சனம் செய்கிறோம். ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிற, பொதுப்பணத்தில் நடக்கிற ஒரு விழாவைப் பற்றி மட்டும் “கூட்டம் நல்லாருந்துச்சு”, “கூட்டம் கம்மி” என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அது சரியில்லை என்று தோன்றியதால் இந்தக் குறிப்பு.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் நுழைகிறபோது மலைக்கு இந்தப் புறமும் தூறலைக் கொண்டுவருகிறது. மழையும் இல்லை, வெறும் காற்றும் இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பொடிப்பொடியாக வந்து விழும். அதுதான் சாரல். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் இது இருந்தால் பேரருவி, ஐந்தருவி, சிற்றருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாவற்றிலும் தண்ணீர். தென்காசிக்காரர்கள் இதைச் ‘சீசன்’ என்று மட்டும்தான் சொல்வோம். என்ன சீசன் என்று கேட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துவிடும்.

இந்தச் சீசனின் நடுவில், ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ, சுற்றுலாத்துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து சாரல் விழா நடத்துகிறார்கள். முன்பு திருநெல்வேலி மாவட்டத்தின் பொறுப்பில் இருந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு தென்காசியின் விழா ஆயிற்று. மாலையில் கலைவாணர் அரங்கில் கலை நிகழ்ச்சிகள். ஐந்தருவிப் பக்கம் சுற்றுச்சூழல் பூங்காவில் மலர்க் கண்காட்சி. வெண்ணமடைக் குளத்தில் படகுப் போட்டி. இவற்றோடு நாய்க் கண்காட்சி, கொழு கொழு குழந்தைகள் போட்டி, கோலப் போட்டி, ஆணழகன் போட்டி என்று பலதும் வந்து போகும்.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்த விழாவுக்கான இடம் உண்மையிலேயே காலியாகத்தான் இருந்தது. குற்றாலநாதர் கோயிலின் பெரிய திருவிழாக்கள் சித்திரை விசு, ஐப்பசி விசு, மார்கழித் திருவாதிரை. மூன்றும் சீசனுக்கு வெளியே. ஊர் நிரம்பி வழிகிற இரண்டு மூன்று மாதத்தில் ஊருக்கென்று ஒரு பெரிய விழா இல்லை. ஆகவே ‘சாரல் விழா எதற்கு’ என்பது என் கேள்வி இல்லை. நடக்கிற விழாவுக்குச் சாரலோடு என்ன உறவு என்பதுதான் கேள்வி.

பருவத்தை ஒட்டிய எந்த விழாவுக்கும் நான் ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்ப்பது வழக்கம். இதே நிகழ்ச்சியை வேறு ஊரில், வேறு மாதத்தில் வைத்தால் எதுவாவது கெட்டுப்போகுமா? பருவம் பொய்த்தாலோ, மிஞ்சினாலோ விழாவில் எதுவாவது மாறுமா?

சாரல் விழாவின் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக இதில் போட்டுப் பார்த்தேன். நாய்க் கண்காட்சியை மதுரையில் வைக்கலாம். கொழு கொழு குழந்தைகள் கன்னியாகுமரியிலும் கொழு கொழு என்றுதான் இருக்கும். மலர்க் கண்காட்சி ஊட்டியில் மே மாதம் நடப்பதன் தம்பி. அங்கே குளிர்ப் பிரதேசத்துப் பூக்கள் தாவரவியல் பூங்காவிலேயே வளர்க்கப்பட்டு அந்த மாதத்துக்காகத் தயாராகின்றன. இங்கே அந்த வடிவம் மட்டும் வந்திருக்கிறது. திரிகூடமலைக் காட்டில் இந்த மாதம் என்ன பூக்கிறது என்று பூங்காவுக்குள் போய்விட்டு வருகிற ஒரு பிள்ளைக்குத் தெரியப்போவதில்லை.

சோதனையில் தேறுகிற ஒரே நிகழ்ச்சி, யாரும் பெரிதாகப் பேசாத படகுப் போட்டி. குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் படகு. குளம் பெருகுவது ஐந்தருவித் தண்ணீரால். மேலே மழை இல்லாவிட்டால் கீழே போட்டி இல்லை. விழா முழுவதிலும் மலையைப் பார்த்து நடக்கிற நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கலைவாணர் அரங்க மாலைகளில் கரகாட்டம் உண்டு, நையாண்டி மேளம் உண்டு, பரதம் உண்டு, மெல்லிசை உண்டு. நம்ம பக்கத்துக் கலைகளை ஒதுக்குகிறார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் மேடையில் ஒரு கலைக்குக் கிடைப்பது இருபது நிமிடம், கூடிப்போனால் அரை மணி. வில்லுப்பாட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? ஆடி மாதம் தென்காசி, திருநெல்வேலிக் கிராமங்களில் கோயில் கொடைகள் நடக்கிற காலமும்கூட. அங்கே வில்லும் உடுக்கும் குடமுமாக ஒரு குழு உட்கார்ந்தால் கதை இரவு முழுக்கப் போகும். பாட்டு ஒரு இடத்துக்கு வரும்போது சாமியாடிக்கு அருள் வரணும். அதற்காகவே கதை மெதுவாக ஏறும். கணியான் கூத்தில் மகுடம் வேகம் பிடிப்பதும் அப்படித்தான். இருபது நிமிடத்தில் அதை ஏற்ற முடியாது. ஆகவே அவர்கள் ஒரு வாழ்த்துப் பாட்டு, ஒரு விழிப்புணர்வுப் பாட்டு பாடி, பொன்னாடை வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். ‘வில்லுப்பாட்டு பார்த்தேன்’ என்று திரும்பிப் போகிற சென்னைக்காரர் பார்த்தது வில்லை மட்டும்தான்.

குற்றாலத்துக்கென்றே எழுதப்பட்ட ஒரு நாடகம் இருக்கிறது என்பதுதான் இதில் என்னை உறுத்துகிற விஷயம். திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்துக்காரர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சி பள்ளிப் பாடப்புத்தகத்தில் இரண்டு பாட்டாகச் சுருங்கிப்போயிற்று. குற்றாலநாதர் உலா வருகிறார், பந்தாடும் வசந்தவல்லி பார்த்து மயங்குகிறாள், குறத்தி வந்து மலைவளம் சொல்லிக் குறி சொல்கிறாள். அதோடு நிறுத்திவிடுகிறோம். நூல் அங்கே நிற்கவில்லை. குறத்தியைத் தேடிச் சிங்கன் வருகிறான், கூடவே நூவன். பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து வயல்களில் இறங்குகின்றன. எந்தெந்த வயலில், எந்தெந்தக் குளத்துப் பற்றில் மேய்கின்றன என்று கவிராயர் பெயர் பெயராக அடுக்குகிறார். சிங்கன் கண்ணி வைக்கிறான்.

மலையில் தொடங்கிய நாடகம் வயலுக்கு வந்து சேர்கிறது. அருவியாக விழுகிற தண்ணீர் வயலில் நெல்லாகி, நெல்லுக்குப் பறவை வந்து, பறவைக்குச் சிங்கன் வருகிறான். இன்றும் நிலைமை அதுதான். சிற்றாறு குற்றாலத்தில் இறங்கித் தென்காசி வழியாகக் கால்வாய்களையும் குளங்களையும் நிரப்பிவிட்டுச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. சாரல் பிடித்தால்தான் இந்தப் பக்கம் கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவுவார்கள். ஒரே தண்ணீரைத்தான் சுற்றுலாப்பயணி தலையில் வாங்குகிறார், விவசாயி காலில் வாங்குகிறார். சாரல் விழாவின் வரைபடம் அருவிக்கரையோடு முடிந்துவிடுகிறது. கவிராயர் வரைந்தது வயல்வரை நீள்கிறது.

குறவஞ்சியை முழு நாட்டிய நாடகமாக 1944இல் ருக்மிணி தேவி மேடையேற்றினார், அடையாறு கலாக்ஷேத்ராவில். நல்ல காரியம். ஆனால் அது சென்னையின் சபா மரபில் நிலைத்துவிட்டது. நான் போன சாரல் விழா மாலைகளில் பந்தாட்டப் பாட்டுக்கு ஒரு நடனம் பார்த்திருக்கிறேன். சிங்கனை நான் மேடையில் பார்த்ததே இல்லை. சிங்கன் இல்லாத குறவஞ்சி, வயல் இல்லாத சீசன். இரண்டும் ஒரே வெட்டு என்று நினைக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். இதே மாவட்டத்தில், இதே ஆடியில், சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நடக்கிறது. கோமதி அம்மன் தபசுக் காட்சியின்போது விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, வத்தல், பயறு, நெல் என்று அம்மன் சப்பரத்தின் மீது வீசுவார்கள். அந்த வருஷம் காட்டில் என்ன விளைந்தது என்பது அன்றைக்குத் தெருவில் தெரிந்துவிடும். விளையாத வருஷம் கையில் இருப்பது குறையும். அந்த விழாவுக்குப் பருவம் தெரியும்.

குற்றாலநாதர் கோயிலிலும் ஒரு சின்ன வழக்கம் உண்டு. எந்நேரமும் அருவிக் குளிரில் இருக்கிற சுவாமிக்கு ஜலதோஷம் பிடித்துவிடுமே என்று சுக்குக் கசாயம் நைவேத்தியம் பண்ணுகிறார்கள். அருவிக்குப் பக்கத்தில் வாழ்வது என்றால் என்ன என்று யோசித்த யாரோ ஏற்படுத்திய வழக்கம் இது. சாரல் விழா நிகழ்ச்சி நிரலில் நான் தேடுவது இந்த அளவு யோசனையைத்தான்.

கொஞ்சம் தூரத்து உதாரணமும் ஒன்று. நான் ஜப்பான் போனதில்லை, கியோட்டோவின் கியோன் விழாவைப் பற்றிப் படித்திருக்கிறேன், காணொளிகள் பார்த்திருக்கிறேன். 869இல் கொள்ளைநோய் பரவியபோது அதைத் தணிக்கச் செய்த வழிபாட்டிலிருந்து வளர்ந்தது என்கிறார்கள். ஜூலை மாதம் முழுக்க நடக்கும், அங்கே மழைக்காலம் முடிந்து புழுக்கம் ஏறுகிற நேரம். பெரிய தேர்கள் 17ஆம் தேதி ஒரு பகுதி, 24ஆம் தேதி ஒரு பகுதியாக ஊர்வலம் போகின்றன. ஒவ்வொரு தேரும் ஒரு தெருவுக்குச் சொந்தம். கட்டுவது, இசை பழகுவது, பாதுகாப்பது எல்லாம் அந்தத் தெருக்காரர்கள். ஊர்வலத்துக்கு முந்தின இரவுகளில் பழைய குடும்பங்கள் வீட்டு முன்கட்டைத் திறந்து தங்களிடமுள்ள ஓவியத் திரைகளை வழிப்போக்கர்கள் பார்க்க வைக்கிறார்கள். கண்காட்சி என்றால் அவர்களுக்கு அதுதான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 1966இல் போக்குவரத்து நெரிசல், சுற்றுலா வசதி என்று சொல்லி இரண்டு ஊர்வலத்தையும் ஒரே நாளாக்கினார்கள். 2014இல் திரும்பப் பிரித்தார்கள். வசதிக்காக மாற்றிய தேதியை 48 வருஷம் கழித்து, இது எங்கள் விழா இல்லை என்று பழையபடி ஆக்கியிருக்கிறார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 2023இல் நான்கு லட்சம் யென் விலையில் சொகுசு இருக்கைகள் விற்றார்கள். அங்கேயும் சுற்றுலா விழாவைத் தின்னப் பார்க்கிறது. ஆனால் தின்ன விடாமல் இழுத்துப் பிடிக்க அங்கே தெருக்காரர்கள் இருக்கிறார்கள். சாரல் விழாவுக்கு அப்படி ஒரு சொந்தக்காரர் யார்? அதிகாரிகள் மாறுதலில் போய்விடுவார்கள். கலைக்குழு பஸ் ஏறிவிடும். மேலகரத்துக்கோ இலஞ்சிக்கோ காசிமேஜர்புரத்துக்கோ அந்த விழாவில் என்ன பொறுப்பு இருக்கிறது?

எதிர்வாதம் உண்டு. இது வியாபாரத்துக்கான விழா, கலைத்தன்மை எல்லாம் தேடாதே என்பார்கள். நியாயம்தான். லாட்ஜ், எண்ணெய்க்கடை, சிப்ஸ் கடை, பழக்கடை, ஆட்டோ என்று இரண்டு மாதச் சம்பாத்தியத்தில் வருஷத்தை ஓட்டுகிற குடும்பங்கள் இங்கே நிறைய. விழாவால் நாலு நாள் கூட்டம் கூடினால் அவர்களுக்கு லாபம். இதைத்தான் பேரருவி ரோட்டில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் அடுக்கி வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் எடை போட்டுக்கொண்டே சொன்னார்: “விழா வச்சா நாலு நாள் கூட்டம் தம்பி. தண்ணி விழுந்தா நாப்பது நாள் கூட்டம். நாங்க மேடையவா பாத்துக்கிட்டு இருக்கோம்? மலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

வியாபாரியின் கணக்குப்படியும் மலைதான் முக்கியம். வந்தவர் எல்லோரும் மலையைப் பார்க்கத் தெரிந்து வருவதில்லை. சீசனில் எல்லோரும் தேடுகிற செய்தி ‘குளிக்கத் தடையா, இல்லையா’ என்பது. நான் போன ஒரு மாலையில் பேரருவியில் குளிக்கத் தடை. பொங்குமாகடலில் விழுந்து எழும்பி வருகிற தண்ணீர் செம்மண் நிறத்தில் பாலத்துக்குக் கீழே இரைந்துகொண்டிருந்தது. குளிக்க வந்தவர்கள் துண்டோடு நின்று முணுமுணுத்தார்கள். அரங்கத்தில் சினிமாப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. ஏன் தடை, இந்த நிறம் எதைச் சொல்கிறது, மேலே எங்கே பெய்திருக்கும் என்று மேடையில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாரல் விழா என்று பெயர் வைத்த ஒரு மேடைக்கு அதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி அன்றைக்கு வேறென்ன இருந்திருக்க முடியும்?

இது ரசனைப் பிரச்சனை மட்டும் இல்லை. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கியது. சீசன்கூட இல்லை, கோடை மழை. ஒரு பதினேழு வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். காட்டாறு எப்படி வரும் என்று மலையடிவாரத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். தண்ணீரின் நிறம் மாறும், சருகும் குச்சியும் சேர்ந்து வரும், இரைச்சல் கனக்கும். இங்கே வெயில் அடித்தாலும் மேலே கறுத்திருந்தால் நம்பக் கூடாது. வருகிறவர்களுக்கு இது தெரியாது. ஒரு பருவ விழாவால் அவர்களுக்கு இதையாவது சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்றால் அதை நல்ல விழா என்று என்னால் எழுத முடியவில்லை. குறி சொல்வது குறத்தியின் தொழில். அந்த ஊரில் தண்ணீரின் குறியைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைவிட நல்ல கலைநிகழ்ச்சி இருக்காது.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கமில்லை என்பதால், செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுகிறவை. பெரிய செலவு பிடிப்பவை இல்லை.

ஒன்று, மலர்க் கண்காட்சி இருக்கட்டும், பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு கண்காட்சி. தேனருவியிலிருந்து சீவலப்பேரி வரைக்கும் ஒரு பெரிய வரைபடம். எந்த அணைக்கட்டு, எந்தக் கால்வாய், எந்தக் குளம், எத்தனை வயல். விவசாயிகளே வந்து நின்று சொல்லட்டும். குற்றாலத்திலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது, அதையும் இதோடு சேர்க்கலாம்.

இரண்டு, ஒரு மாலையைச் சிங்கனுக்குக் கொடுங்கள். பறவைகள் வந்து மேய்கிற பகுதியை மட்டும் மேலகரத்து, தென்காசிப் பிள்ளைகள் பாடி ஆடட்டும். பாட்டில் வருகிற வயல்கள் இன்றைக்கு எங்கே, எதில் நெல், எதில் வீட்டுமனை என்று அவர்களே தேடிப் பார்த்துவிட்டு மேடை ஏறட்டும்.

மூன்று, வில்லுப்பாட்டுக்கு ஒரு இரவு. ஒரே குழு, ஒரே கதை. கூட்டம் பாதியில் எழுந்து போகும். போகட்டும். இருக்கிறவர்கள் கதை ஏறுவதைப் பார்ப்பார்கள்.

நான்கு, சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் இங்கே மட்டும் அவர் சுவரில் ஓவியமாக ஆடுகிறார். ஊரின் ஆகப் பெரிய ஓவியக் கண்காட்சி அதுதான். எல்லோரையும் உள்ளே விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். சீசனில் ஈரத்துணியோடு நூற்றுக்கணக்கில் உள்ளே போனால் அந்த ஈரமே சுவருக்கு எதிரி. சிறு சிறு குழுவாக, காய்ந்த உடையில், விஷயம் தெரிந்த ஒருவர் கூட நின்று காட்டுகிற மாதிரி இருந்தால் போதும்.

இதெல்லாம் புதிதும் இல்லை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில் கல்கி, ராஜாஜி போன்றவர்கள் வந்து போனார்கள். காலையில் அருவி, பிறகு வீட்டில் கம்பன் பாட்டு. மேடை இல்லை, பொன்னாடை இல்லை. பாட்டைச் சொல்லி, திரும்பச் சொல்லி, ரசித்து முடிக்கிற வரைக்கும் அவசரமும் இல்லை. 1954இல் அவர் மறைந்ததோடு அந்தச் சபை முடிந்தது. தென்காசித் திருவள்ளுவர் கழகம் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே ஊர்க்காரர்களின் முயற்சியால் நடந்துவருகிறது. ஊர்க்காரர்களால் ஒரு விஷயத்தைத் தலைமுறை தாண்டிக் கொண்டுபோக முடியும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. விழாவை நடத்துகிறவர்கள் அவர்களிடம் ஒரு நாளையாவது ஒப்படைத்துப் பார்க்கலாம்.

அடுத்த சீசனில் நிகழ்ச்சி நிரல் வந்ததும் இந்தச் சோதனையை மறுபடி போட்டுப் பார்த்து எழுதுகிறேன். படகுப் போட்டிக்குத் துணையாக இன்னொரு நிகழ்ச்சி தேறினாலும் அதைச் சந்தோஷமாகவே எழுதுவேன். சிங்கன் பாட்டில் வருகிற வயல், குளப் பெயர்களை இன்றைய ஊர்ப்பெயர்களோடு வைத்துப் பார்க்கிற வேலையைத் தொடங்கியிருக்கிறேன். மேலகரம், இலஞ்சிப் பக்கத்துப் பழைய வயற்பெயர்கள் தெரிந்த வாசகர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.